எந்த ஸ்ட்ராங்? தொழில்நுட்ப ஆங்கிலப் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்நுட்ப ஆங்கிலப் பாடநூல்களும் சொல்லடைவுகளும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பொருள்களை இழுத்து, அமுக்கி, வளைத்து, உடைத்துப் பார்க்கும் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறவன் நான். உடைப்பது பாதி வேலை. உடைந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது மீதி வேலை. புதிதாகச் சேரும் இளைஞர்களின் அறிக்கைகளைத் திருத்துவதும் என் தலையில்தான். அவர்களில் பலர் தமிழில் படித்து வந்தவர்கள். கணக்கில் அவர்களிடம் குறை காண்பது கடினம், சொல்லில்தான் சறுக்குகிறார்கள். இந்தச் சொற்களை எங்கே கற்றீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், உங்கள் நூல்களின் கடைசிப் பக்கங்களில் வந்து நிற்கிறேன்.

அந்தப் பக்கங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவே ஒரு கோடு. ஸ்ட்ராங் என்றால் வலுவான. டஃப் என்றாலும் வலுவான, சில நூல்களில் கடினமான. ஹார்ட் என்றாலும் கடினமான. ஸ்டிஃப் என்றால் விறைப்பான, உறுதியான. டியூரபிள் என்றாலும் உறுதியான. படிக்கிற பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? எல்லாம் ஒன்றுதான், ஆங்கிலேயர்கள் வேலையில்லாமல் ஐந்து சொல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே?

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பொருளின் பண்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். அந்தப் பொருளை என்ன செய்தால் அந்தப் பண்பு வெளியே தெரியும் என்பதையும் எழுதுங்கள். பண்புச் சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. சோதனையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுப்பது, பூட்டைக் காட்டாமல் சாவியைக் கையில் கொடுப்பதுபோல.

முதலில் ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னெஸ், ஹார்ட்னெஸ், டஃப்னெஸ் என்ற அந்த நால்வரையே பார்ப்போம். வீட்டில் பேசும் ஆங்கிலத்தில் இவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்ளும் அண்ணன் தம்பிகள். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றைச் சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சோதனைக்கூடத்தில் அப்படியில்லை.

ஒரு கம்பியை இரு முனையிலும் பிடித்து இயந்திரத்தில் இழுக்கிறோம். அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும்போதும், பிறகு அறுந்துபோகும்போதும், அதன் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு விசையைச் சுமந்தது என்று பார்ப்பது ஸ்ட்ரெங்த். ஸ்டிஃப்னெஸும் அதே கம்பியில் அதே இயந்திரத்தில்தான் தெரியும், ஆனால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கொடுத்த விசைக்கு எவ்வளவு குறைவாக நீள்கிறது என்பதுதான் அது. ஸ்டிஃப்னெஸை எண்ணால் சொல்வது யங் குணகம்; எஃகுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. ஒரே நீளமும் தடிமனும் உள்ள இரண்டு கம்பிகளில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், அலுமினியக் கம்பி ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக நீளும். புதிதாக வருகிறவர்களை அசரவைக்கிற செய்தி இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. சாதாரண மைல்டு ஸ்டீலும், பதப்படுத்திய உயர்ரக எஃகும் ஸ்டிஃப்னெஸில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்ட்ரெங்த் பல மடங்கு வேறுபடும். ஸ்டிஃப்னெஸ் இருந்த இடத்தைவிட்டு அசையாது. ஆகவே, “சட்டம் ரொம்ப வளைகிறது, இன்னும் ஸ்ட்ராங்கான எஃகு போடுங்கள்” என்று ஒருவர் எழுதினால் செலவு ஏறும், வளைவு அப்படியே இருக்கும். அங்கே மாற்ற வேண்டியது சட்டத்தின் தடிமனை, அல்லது வடிவத்தை.

ஹார்ட்னெஸ் மேற்பரப்பைப் பற்றிய பேச்சு. கீறினால் கோடு விழுகிறதா, அழுத்தினால் பள்ளம் விழுகிறதா? 1812-இல் ஃபிரீட்ரிக் மோஸ் கனிமங்களை ஒன்றால் ஒன்றைக் கீறிப் பார்த்து வரிசைப்படுத்தினார். அவருடைய அளவில் டால்க் 1, வைரம் 10. 1900-இல் சுவீடன் பொறியாளர் பிரினெல், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையை உலோகத்தில் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். விக்கர்ஸ் முறையில் உருண்டை இருந்த இடத்தில் 136 பாகைக் கோணமுள்ள வைரப் பிரமிடு. முறைகள் பல இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து வருவதை மேல்தோல் உள்ளே விடுகிறதா?

டஃப்னெஸ் வேறு சமாச்சாரம். உடைவதற்கு முன் எவ்வளவு அடியை வாங்கி உள்ளே போட்டுக்கொள்கிறது என்பது. பிரெஞ்சுக்காரர் ஷார்பியின் பெயரில் 1901 முதல் வழங்கும் சோதனையை நாங்கள் இன்றும் செய்கிறோம். 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டில், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கூரான காடி ஒன்றை வெட்டி, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. உடைத்த பின் சுத்தியல் மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதில் விடை இருக்கிறது. சோர்ந்துபோய்க் கொஞ்சமாக ஏறினால், துண்டு நிறைய ஆற்றலைக் குடித்திருக்கிறது, அது டஃப். ஒன்றுமே நடக்காததுபோல் விர்ரென்று ஏறினால் பிரிட்டில், அதாவது வளைந்துகொடுக்காமல் சட்டென்று உடைவது.

ஹார்டையும் டஃபையும் ஒன்றாக்கிக் குழம்பியது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. வைரத்தைப் பட்டடையில் வைத்து அடித்தால் சுத்தியல்தான் பிளக்கும் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமர் பிளினி எழுதிவைத்தார். அதை உடைக்க ஆட்டு இரத்தத்தில் ஊறவைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். உண்மையில் சரியான தளம் பார்த்து ஒரு தட்டுத் தட்டினால் வைரம் பிளந்துவிடும். வைரத்தைப் பிளந்து வடிவம் கொடுக்கிறவர்கள் காலம்காலமாகச் செய்வதே அதுதான். பிளினியை மன்னித்துவிடலாம், அவர் காலத்தில் ஷார்பி இல்லை.

என்னை மன்னிப்பதுதான் கடினம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அதிரும் இயந்திரம் ஒன்றிலிருந்து உடைந்த கிளாம்ப் ஒன்று எங்களிடம் வந்தது. முறிவைப் பார்த்துவிட்டு, பொருள் போதுமான அளவு ஸ்ட்ராங்காக இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அடியைத் தாங்கவில்லை என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அனுப்பியவர்கள் அந்த வரியை வேறு மாதிரி படித்தார்கள். அடுத்த தொகுதி கிளாம்ப்களைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து, முன்னைவிட நன்றாகக் கடினமாக்கிப் பொருத்தினார்கள். ஸ்ட்ரெங்த் கூடியது, ஹார்ட்னெஸ் கூடியது, டஃப்னெஸ் விழுந்தது. முதலில் வந்தது மாதக்கணக்கில் ஓடியிருந்தது. கடினமாக்கியது சில வாரங்களில் இரண்டானது. எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, என் அறிக்கையை மேசையில் வைத்து, ஒரே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். “எந்த ஸ்ட்ராங், தம்பி?” அவ்வளவுதான் கேட்டார். இன்று நான் திருத்தும் அறிக்கைகளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவதும் அதே கேள்வியைத்தான்.

என் கிளாம்பாவது சின்ன விஷயம். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்தில், புதிதாகக் கட்டித் துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் பெரும் ஓசையோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. அந்தப் போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய வேறு பல கப்பல்களிலும் இப்படி விரிசல் ஓடியது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் இதை ஆராய்ந்து, சாதாரண வெப்பநிலையில் நீண்டுகொடுக்கும் அந்த எஃகு, குளிரில் பிரிட்டில் ஆகிவிடுகிறது என்று காட்டினார். அதனால்தான், ‘எஃகு: டக்டைல்’, அதாவது உடையாமல் நீண்டுகொடுப்பது, என்று ஒரு வரி போட்டு முடித்துவிடும் அட்டவணையைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எந்த வெப்பநிலையில் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு பிறந்தது.

இப்போது என் மனக்குறையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தமிழில் படித்து வந்த பிள்ளைக்குப் பொருள்களைப் பற்றிப் பேசவே தெரியாது, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற நினைப்பில் உங்கள் பாடங்கள் ஆரம்பிக்கின்றன. ஐந்து வயதுக் குழந்தைகூடக் ‘கயிறு உடைந்தது’ என்று சொல்லாது. கயிறு அறும். குச்சி ஒடியும். கிளை முறியும். கண்ணாடி உடையும், உயரத்திலிருந்து விழுந்தால் நொறுங்கும். விறகு பிளக்கும். துணி கிழியும். தகரடப்பா நசுங்கும். இதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பிரேக் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். தமிழில் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே பொருள் எப்படிப்பட்டது, விசை எந்தப் பக்கமிருந்து வந்தது, கடைசியில் எப்படித் தோற்றது என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறோம்.

அறுதல் என்றால் இழுத்திருக்கிறார்கள். ஒடிதல், முறிதல் என்றால் வளைத்திருக்கிறார்கள். நொறுங்கியது என்றால் பொருள் பிரிட்டில். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நசுங்கியது என்றால் உருக்குலைந்தும் துண்டாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது டக்டைல் குணம் இருக்கிறது. பிளந்தது என்றால் தனக்குள்ளேயே ஒரு திசை வைத்திருக்கும் பொருள். மரமும் அப்படி, வைரமும் அப்படி. வகுப்பில் எதெல்லாம் நொறுங்கும், எதெல்லாம் நசுங்கும் என்று கேட்டுப் பலகையில் இரண்டு பத்தி எழுதவைத்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்வார்கள். பிரிட்டில், டக்டைல் என்ற தலைப்புகளை மேலே எழுதுவது மட்டும்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும்.

பழைய ரப்பர் தொட்டதும் பொடியாக உதிர்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் பெரிஷ் என்பார்கள். எந்தச் சொல்லடைவிலும் அதற்கு ‘அழிதல்’ என்றுதான் இருக்கும். இற்றுப்போதல் என்ற சொல் நம்மிடம் கையோடு இருக்கும்போது அழிவுக்கு ஏன் போக வேண்டும்? கரோஷன் என்ற சொல்லும் அப்படித்தான். அதன் வேர் இலத்தீனில் கொறித்தல். எலி அணில் வகைகளுக்கு ரோடென்ட் என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்து. நாமும் கரையான் அரிப்பதைப் பார்த்துத்தான் அரிமானம் என்று வைத்திருக்கிறோம். ஒன்றையொன்று பார்க்காமலே இரண்டு மொழிகளும் ஒரே படத்தை வரைந்திருக்கின்றன. இதைச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

மேலியபிள், டக்டைல் என்ற இரண்டும் மாறி மாறிக் குழம்புவது எனக்குத் தெரிந்து எல்லா வகுப்பிலும் உண்டு. மேலியபிள் இலத்தீனில் சுத்தியலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. டக்டைல் இழுத்துச்செல்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து. ஒன்று அடிக்கு விரிவது, மற்றது இழுப்புக்கு நீள்வது. தங்கம் இரண்டிலும் கெட்டி; ஒரு கிராமை அடித்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்புக்குத் தகடாக்கலாம். ஈயம் அடித்தால் நன்றாக விரியும், கம்பியாக இழுத்தாலோ சீக்கிரமே அறுந்துவிடும். இரண்டு சொல்லும் ஒன்றல்ல என்பதற்கு ஈயத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை ஒரு நூலிலாவது சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்களா?

இன்னொரு குறை. உங்கள் பட்டியல்களில் பெயர்ச்சொல்லும் பெயரடையும் நிரம்பி வழிகின்றன, வினைச்சொல்லைக் காணோம். எங்கள் அறிக்கைகள் ஓடுவதே வினைச்சொல்லில்தான். ஸ்னாப், ஷேட்டர், சிப், டென்ட், பக்கிள், வார்ப், ஃப்ரே, பீல், சாக். பிரிட்டில்னெஸ் என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கட்டுரை எழுதத் தெரிந்த பையனுக்கு, விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருப்பதை சிப் என்று ஒரு சொல்லில் எழுத வரவில்லை. கயிற்றின் இழை பிரிவது ஃப்ரே, மேல்பூச்சு உரிவது பீல், பலகை கோணிக்கொள்வது வார்ப், நீண்ட மெல்லிய தூணை மேலிருந்து அமுக்கும்போது அது உடையாமல் பக்கவாட்டில் புடைத்து வளைவது பக்கிள். கடைசிச் சொல்லுக்கு ‘இடைவார்க் கொக்கி’ என்று மட்டும் பொருள் எழுதிவைத்திருந்த ஒரு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவில்லாத பாடம் ஒன்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு ஜெம் கிளிப் கொடுங்கள். லேசாக விரித்து விடச் சொல்லுங்கள், பழைய இடத்துக்கே திரும்பும். அது எலாஸ்டிக். இன்னும் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் கம்பி விட்டுக்கொடுப்பது விரலுக்கே தெரியும், அதற்கப்புறம் திரும்பாது. விட்டுக்கொடுத்த இடம் ஈல்டு, திரும்பாத நிலை பிளாஸ்டிக். வளைந்த இடத்தை நிமிர்த்தப் பார்த்தால் அந்த இடம் மட்டும் முரண்டு பிடித்து, பக்கத்தில் வேறு இடம் வளையும். வேலைசெய்யச் செய்ய உலோகம் கடினமாகிறது, அது வொர்க் ஹார்டனிங். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரே முறையில் ஒடிக்க முடியாததைத் திரும்பத் திரும்பச் செய்து ஒடித்தோமே, அது ஃபெட்டீக். ஐந்து சொல்லும் ஐந்து நிமிடத்தில் விரலில் ஏறிவிடும்.

அப்புறம் ஒரு சாக்பீஸ். இரு கையாலும் வளைத்தால் ஒடியும். மேசைமேல் நிமிர்த்தி வைத்து மேலிருந்து அமுக்கினால் லேசில் மசியாது. ஆகவே ஸ்ட்ரெங்த் என்ற சொல்லையும் தனியாக விடக்கூடாது, டென்சைலா (இழுப்புக்கு) கம்ப்ரெசிவா (அமுக்கத்துக்கு) என்று முன்னால் ஒன்று வேண்டும். கான்கிரீட்டின் கதையும் அதுதான். அமுக்கினால் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுத்தால் தாங்கும். அதற்காகத்தான் உள்ளே கம்பி கட்டுகிறார்கள்.

மனிதர்களுக்கான சொற்களை உலோகத்துக்கு மாட்டிவிடுவது ஆங்கிலத்தின் பழக்கம். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், ஃபெட்டீக், கிரீப், ஈல்டு என்று பார்த்தால், யாரோ ஒரு பாவப்பட்ட ஊழியரின் கதைபோல இருக்கும். பேச்சில் ஸ்ட்ரெஸ்ஸும் ஸ்ட்ரெயினும் ஒரே களைப்பு. இங்கே ஸ்ட்ரெஸ் என்பது பரப்பலகில் விழும் விசை, ஸ்ட்ரெயின் என்பது அதனால் விளையும் உருமாற்றத்தின் விகிதம். முன்னதற்கு அலகு உண்டு, பின்னதற்கு அலகே கிடையாது. தகைவு, திரிபு என்று நம் பள்ளி நூல்களில் இரண்டையும் அழகாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அடித்தளத்தின் மேல் கட்டாமல், ஸ்ட்ரெஸ் என்பதற்கு ‘அழுத்தம்’ என்று எழுதிப் பிரஷரோடு சேர்த்துக் குழப்பியது நீங்கள்தான். ஈல்டு என்பதை ‘விளைச்சல் புள்ளி’ என்று போட்ட ஒரு மொழிபெயர்ப்பையும் பார்த்துவிட்டேன். எஃகில் என்ன பயிர் போட்டார்களோ தெரியவில்லை.

கிரீப் என்ற சொல்லைப் பல நூல்கள் ‘ஊர்தல்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கொஞ்சம் நின்று போக வேண்டிய இடம் அது. துணி காயப்போட பிளாஸ்டிக் கொடி கட்டுகிறோம். கட்டிய அன்று விறைப்பாக இருக்கும். ஒரு மாதத்தில் தொய்ந்திருக்கும். எடை கூடவில்லை, யாரும் இழுக்கவில்லை. காலம் மட்டும்தான் போனது. மாறாத சுமையில் நேரம் போகப் போக மெல்ல நீள்வது கிரீப். தொய்வு என்றே சொல்லிக்கொடுக்கலாம் என்பேன், எல்லா இடத்துக்கும் பொருந்தாவிட்டாலும் பிள்ளைக்குப் படம் கிடைத்துவிடும். 2006 ஜூலை 10 அன்று பாஸ்டனில் ஒரு சாலைச் சுரங்கத்தின் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அந்தப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள், கான்கிரீட்டில் எபாக்ஸிப் பசையால் பிடித்துவைக்கப்பட்டவை. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அங்கே பயன்பட்ட பசை வகைக்குக் கிரீப்பைத் தாங்கும் குணம் குறைவு, நீண்ட காலச் சுமையைச் சுமக்க அது ஏற்றதல்ல என்று கண்டது. சிறிது நேரம் இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும் பசைதான் அது. ‘ஸ்ட்ராங்கா?’ என்று கேட்டால் ஆம் என்றிருக்கும். ‘வருடக்கணக்கில் தொய்யாமல் இருக்குமா?’ என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சொல்.

ஒரே சொல் இரண்டு வேலை செய்யும் இடங்களுக்கு உங்கள் நூல்களில் ஒரு எச்சரிக்கைப் பலகையாவது வையுங்கள். டெம்பர் என்பது எஃகில், கடினமாக்கிய பிறகு மிதமாகச் சூடேற்றி முரட்டுத்தனத்தைத் தணிப்பது. கண்ணாடியில் டெம்பர் என்றால், சூடேற்றிய கண்ணாடியின் மேல் காற்றை வீசிச் சட்டென்று குளிரவைத்து, மேற்பரப்பை அமுக்கத்தில் நிறுத்துவது. கிட்டத்தட்ட எதிரெதிர் வேலை, ஒரே பெயர். இன்சுலேட்டர் என்றால் எதற்கு? மின்சாரத்துக்கா, வெப்பத்துக்கா? வைரம் மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தையோ தாமிரத்தைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ‘வைரம் ஒரு இன்சுலேட்டர்’ என்று எழுதினால் பாதி சரி, பாதி பெருந்தவறு.

எலாஸ்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பரைவிட எஃகு அதிக எலாஸ்டிக் என்று ஒரு கேள்வி தலைமுறை தலைமுறையாகத் தேர்வில் வருகிறது. அங்கே சொல்ல வந்தது ஸ்டிஃப் என்பதை. எஃகு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீளும்வரைதான் பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பர் தன் நீளத்தைப்போலப் பல மடங்கு நீண்டும் திரும்பும். திரும்பும் குணம்தான் எலாஸ்டிக் என்றால் ரப்பரை எப்படித் தோற்கடித்தோம்? புத்தகத்தில் இருக்கிறதே என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். வேலைக்கு வந்த பிறகு அதை மறக்கவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

பின்னொட்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெசிஸ்டன்ட் என்றால் எதிர்த்து நிற்கும், ஓரளவுக்கு. புரூஃப் என்றால் உள்ளே விடவே விடாது என்று வாக்குக் கொடுக்கிறோம். ரிடார்டன்ட் என்றால் தடுக்காது, தாமதப்படுத்தும். ஒரு கருவியை வாட்டர்புரூஃப் என்று எழுதுவதற்கு முன், அதன் ஐபி குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐபி67 என்றால் 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு: ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அந்த எண்ணோடு எழுதினால் வாக்குவாதமே வராது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டும் தீப்பற்றக்கூடியது என்ற ஒரே பொருள்தான். ‘இன்’ வந்தால் எதிர்ச்சொல் என்று நீங்கள் முன்பக்கத்தில் சொல்லிக்கொடுத்த விதியை நம்பி, இரண்டாவது சொல் எழுதிய பீப்பாய் அருகே பற்றவைக்கும் வேலையை ஒருவர் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நூலில் சிவப்பு மை ஒரே இடத்துக்குத்தான் உண்டு என்றால் இந்த இடத்துக்குக் கொடுங்கள்.

இலக்கணத்தில் இரண்டே இரண்டு. ஸ்டீல் என்று பன்மை இல்லாமல் சொன்னால் பொருள், ஸ்டீல்ஸ் என்று பன்மையில் சொன்னால் அதன் வகைகள். பொருள் அப்படியே இருந்தால் ‘மேட் ஆஃப்’, உருமாறிவிட்டால் ‘மேட் ஃப்ரம்’: மேசை எஃகால் ஆனது, எஃகு தாதுவிலிருந்து ஆனது. தமிழில் ‘ஆல்’, ‘இலிருந்து’ என்ற இரண்டு உருபுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அதைச் சொன்னால் போதும், விதி தேவையில்லை.

முழு நூலையும் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. கடைசிப் பக்கங்களை மட்டும் மாற்றினால் போதும். ஒரு சொல்லுக்கு நான்கு வரி ஆகும், பக்கம் கூடும் என்று பதிப்பாளர் முனகலாம். அப்படியானால் முந்நூறு சொல் இருக்கும் இடத்தில் அறுபது சொல் போதும். மற்றதை அகராதி பார்த்துக்கொள்ளும். வரைவு எழுதி அனுப்பினால், மாலை நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம். எப்படி இருக்கலாம் என்பதற்கு, ஒரு சொல்லுக்கு நான் எழுதிப் பார்த்தது இது:

டஃப். காடி வெட்டிய துண்டைச் சுத்தியலால் ஒரே அடி அடிக்கவும். வளைந்து, முரண்டு பிடித்து, நார்நாராகப் பிய்ந்து உடைந்தால் டஃப். டப்பென்று இரண்டாகி, உடைந்த பரப்பு மணிமணியாக மின்னினால் எதிர்ச்சொல்லான பிரிட்டில். ஹார்ட் என்பதோடு குழப்ப வேண்டாம்: கண்ணாடி ஹார்ட், ஆனால் டஃப் அல்ல. துண்டைக் குளிரவைத்து இன்னொரு முறை அடித்துப் பார்க்கவும், விடை மாறலாம்.

அன்புடன்,
உடைந்த துண்டுகளோடு வேலை செய்யும் ஒருவன்